பெருநாளுக்குப் பூசிய கார்கள்

யாகோப்பு அண்ணை குருநகரில் போட் எஞ்சின் திருத்துகிறவர். தொழிலில் கெட்டிக்காரர், வீட்டில் மண்டைக்கனம் பிடித்தவர். பக்கத்து வீட்டுக்காரி நான், பார்த்துத்தான் சொல்கிறேன்.

உளவாளிப் படங்களில் வரும் கார்களின் பழைய பொம்மை உருவங்களைச் சேர்ப்பதுதான் அவருக்கு உயிர். பொத்தானை அமர்த்தினால் ஆளை இருக்கையோடு கூரைக்கு மேலே எறியும் கார், முன்விளக்குக்குப் பின்னால் துப்பாக்கி ஒளிந்திருக்கும் கார். லண்டனிலிருந்து வருகிறவர்கள் சொக்கிலேற் கொடுத்தால் முகம் சுளிப்பார். பூச்சுக் கழன்ற கார் ஒன்றைக் கொடுத்தால் வாயெல்லாம் பல்.

கார்களை அடுக்கிய கண்ணாடி அலுமாரியை மனைவி றெஜினா தூசி தட்டவும் கூடாது. ஏனென்று கேட்டால், "உனக்கு உது விளங்காது" என்பார். கொழும்பில் இதே பைத்தியம் பிடித்த பிரகலாதனோடு மட்டும் மணிக்கணக்காகத் தொலைபேசியில் கதைப்பார். கேட்க எனக்கே எரிச்சல் வரும்.

போன யூலையில் பிரகலாதன், தான் நடத்தும் கண்காட்சிக்கு அண்ணையின் கார்களைத் தெரிவுசெய்ய வருவதாகச் சொன்னார். ஊரே பார்த்துச் சிரித்த மனிதருக்கு அதைவிடப் பெரிய கனவு இல்லை. இடையில் மன்னாரில் ஒரு சாவீடு. அண்ணை தனியே போய் இரண்டு நாள் நின்று, திரும்பும் வழியில் கொழும்பு ரெயிலில் வந்திறங்கிய பிரகலாதனையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

அது எங்கள் தேவாலயத்தில் யாகப்பர் பெருநாள் காலம். வள்ளம், வீடு, கேற் எதையும் நாங்கள் பூசாமல் விடுவதில்லை. விருந்தாளியும் வருகிறாரென்றால் கேட்கவே வேண்டாம். அண்ணை இல்லாத நேரம் றெஜினா அக்கா தன் தம்பி ஜெயசுதனைக் கூப்பிட்டு, வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய நீலத்தையும் மஞ்சளையும் கார்களுக்கும் பூசுவித்திருந்தார்.

பிரகலாதன் ஒன்றை எடுத்துப் பொத்தானை அமர்த்தினார். பெயின்ற் இறுகி, இருக்கை அசையவில்லை.

"பழைய பூச்சுத்தான் அண்ணை உதுகளின்ரை பெறுமதி. இனிக் கண்காட்சியிலை வைக்கேலாது," என்றார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

யாகோப்பு அண்ணை மனைவி பக்கம் திரும்பிக் கத்தினார். "ஆரைக் கேட்டுத் தொட்டனி?"

அக்கா அழவில்லை.

"வாறவர் உங்களைக் குறைவாய் நினைக்கக்கூடாதெண்டுதான் செய்விச்சனான். உந்தப் பூச்சின்ரை கதையைக் கொழும்பிலை இருக்கிறவருக்குச் சொன்ன நீங்கள், எனக்கு ஒருக்காச் சொல்லியிருந்தால் தொட்டிருப்பனே?"

அக்கா அப்படிக் கேட்ட கோபத்தில் இன்றுவரை யாகோப்பு அண்ணை அவரோடு கதைப்பதில்லை. அக்கா சமைத்து வைப்பதை மட்டும் சாப்பிடுகிறார்.