ரோட்ரியின் வலது கை

ரோட்ரி பெவனை அவன் பெண்டாட்டி மெலேரிக்கு அடுத்தபடியாக அதிகம் கட்டிப்பிடித்தவன் நான்தான். அதைச் சொல்லிச் சொல்லியே அவள் என்னை ஓட்டுவாள். ரக்பியில் முன்வரிசை மூன்று பேர். நடுவில் நான், இரண்டு பக்கமும் இரண்டு தூண்கள். இடது தூண் ரோட்ரி. பின்வரிசைகளோடு சேர்த்து எட்டுப் பேரும் குனிந்து பின்னிக்கொண்டு எதிரணி எட்டுப் பேரோடு முட்டும்போது அவன் வலது கை என் முதுகைச் சுற்றி வந்து விலாப்பக்கம் சட்டையைக் கொத்தாகப் பிடிக்கும். அந்தப் பிடியை வைத்தே அன்றைக்கு அவன் எப்படி இருக்கிறான் என்று சொல்லிவிடுவேன். வீட்டில் சண்டை என்றால் என் விலாவில் நகம் பதியும்.

அவன் டவி ஆற்றங்கரைப் பால்பண்ணைக்காரர் மகன். பட்டப்பேரே ரோட்ரி பால். என் அப்பாவுக்குக் கறிக்கடை என்பதால் நான் கசாப்பு. பள்ளிக்கூடம் எங்கள் இரண்டு பேருக்குமே ஒத்துவரவில்லை. பதினேழு வயதில் ஊர் கிளப்பில் ஆடப் போன ரோட்ரியை எதிர்த் தூணாக இருந்த தகரத் தொழிற்சாலைக்காரர் ஒருவர் காதைக் கடித்து வரவேற்றார். அழாமல் அடுத்த முட்டுக்குக் குனிந்தானாம். அதைப் பார்த்தவர் யாரோ சொல்லித்தான் பெரிய அணிக்கு வந்தான். சம்பளத்துக்கு ஆடுகிறவன் ஆனான்.

சம்பளத்துக்கு ஆடுகிற தூணின் பிழைப்பு என்னவென்று வெளியே தெரியாது. புள்ளி எடுக்கிறவன் படம் பத்திரிகையில் வரும். எங்கள் படம் வந்தால் அது வேறு யாருடைய காலடியிலோ இருக்கும். நாட்டுக்கான சிவப்புச் சட்டை அவனுக்கு ஒருமுறை கைக்கு எட்டியது. யாருக்காவது அடிபட்டால் இறங்க வேண்டுமென்று கூப்பிட்டார்கள். யாருக்கும் அடிபடவில்லை. பையோடு போனான், பையோடு வந்தான். மற்றபடி ஒவ்வொரு வசந்தமும் ஒரே பயம்தான்: அடுத்த வருடத்துக்குக் கையெழுத்துப் போடக் கூப்பிடுவார்களா மாட்டார்களா. மார்ச் பிறந்தால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. தட்டில் இருக்கும் ஈரல் உருண்டையை முள்கரண்டியால் உருட்டிக்கொண்டே இருப்பான்.

கடைசி வருடம் அந்தப் பயம் குளிர்காலத்திலேயே வந்துவிட்டது. ஒரு பயிற்சியில் குனிந்தோம், முட்டினோம். என் விலாவில் பிடி இல்லை. கை இருந்தது, பிடிதான் இல்லை. ஈரத் துணியை முதுகில் போட்ட மாதிரி கிடந்தது.

"என்னடா, கை வழுக்குதா?" என்றேன்.

"மழைடா. உன் சட்டைதான் வழுக்குது."

அன்றைக்கு மழை இல்லை. அதற்குப் பிறகு நான் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தேநீர்க் கோப்பை இடது கைக்கு மாறியது. பூட்ஸ் கயிற்றைப் பல்லால் இழுத்துக் கட்டினான். கடைசியில் வண்டி நிறுத்துமிடத்தில் மடக்கிக் கேட்டதும் சொன்னான். கழுத்திலிருந்து மின்சாரம் மாதிரி ஒன்று இறங்குகிறதாம், பிறகு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அவனுடையவை இல்லையாம்.

"ஷோனெட்கிட்ட சொல்லுடா," என்றேன். ஷோனெட் எங்கள் அடி, சுளுக்கெல்லாம் பார்க்கும் பிசியோ.

"சொன்னா கழுத்தைப் படம் எடுப்பா. படம் எடுத்தா என் கதை முடிஞ்சுது. செவ்வாய்க்கிழமை அடுத்த வருஷக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டுப் பேசறாங்க மச்சான். அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு."

ஷோனெட் கண்டுபிடித்துவிடுவாள் என்றுதான் நம்பினேன். ஆனால் எங்களில் வயதானவர்கள் எல்லாரும் ஒரு வேலை செய்வோம். ஆகஸ்டில் சீசன் தொடங்குமுன் கைப்பிடிக் கருவியை அழுத்தச் சொல்லும்போது பாதி பலத்தில்தான் அழுத்துவோம். நடுவில் அடிபட்டால் அந்த அளவோடுதானே ஒப்பிடுவார்கள், பாதி பலம் போனாலும் தேறிவிடலாம் என்ற கணக்கு. ரோட்ரியும் அப்படித்தான் அழுத்தியிருந்தான். அந்த வாரம் ஷோனெட் எல்லாரையும் சோதித்தபோது அவன் முகம் சிவக்க முழு பலத்தையும் போட்டு அழுத்தினான். அவள் பார்த்துவிட்டு, "அப்படியே இருக்கே. இரும்புடா நீ," என்று தோளில் தட்டி அனுப்பினாள். சிரித்துக்கொண்டே வெளியே வந்தவன் சுவரோரம் போய்க் குந்தினான்.

"திங்கட்கிழமைக்குள்ள நீ சொல்லலைன்னா நான் சொல்லுவேன்," என்றேன்.

"சொல்லு. சொல்லிட்டு, அப்பறம் நான் அப்பா பண்ணைக்கே திரும்பினதும் மாட்டுக்குத் தீனி போட நீயும் வந்துடு."

சனிக்கிழமை ஆட்டம். முட்டும்போது அவனுக்கும் சேர்த்து நானே தாங்கினேன், அது முடியும். எனக்குப் பயம் வேறு இடத்தில் இருந்தது. பக்கக் கோட்டுக்கு வெளியே போன பந்தை, இரண்டு அணியும் பக்கம் பக்கமாக வரிசையில் நிற்க, நான்தான் உள்ளே எறிய வேண்டும். அதைப் பிடிக்க வரிசையின் முன்பக்கம் யெஸ்டின் என்கிற நெட்டையன் குதிப்பான். ரோட்ரி முன்னாலிருந்து அவன் தொடையைப் பிடித்து மேலே தூக்குவான், இன்னொருவன் பின்னாலிருந்து. மேலே போனவனுக்குக் கீழே நிற்கிறவர்களின் கைதான் தரை. முன்கை விட்டால் அவன் தலைகீழாகத்தான் இறங்குவான். யெஸ்டினுக்கு வீட்டில் கைக்குழந்தை.

அதனால் பந்தையெல்லாம் வரிசையின் கடைசியில் குதிக்கிற வேறொருவனுக்கே எறிந்தேன். எதிரணிக்கு இது புரிந்துவிட்டது. அவர்களும் கடைசியிலேயே கூட்டம் போட்டார்கள். ஓரத்திலிருந்து கோச் கத்தினார். "கசாப்பு, முன்னாடி அவங்க ஆளே இல்லை. கண்ணு தெரியலையாடா?"

ரோட்ரி என் பக்கம் திரும்பினான். நான் ஏன் அப்படி எறிகிறேன் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

கடைசி நிமிடங்கள். நாங்கள் இரண்டு புள்ளி முன்னே. பந்து நாங்கள் காக்கிற கடைசிக் கோட்டுக்கு வெகு பக்கத்தில் வெளியே போயிருந்தது. யெஸ்டினே முன்னால் வந்து நின்றுகொண்டு ரோட்ரியிடம், "என்னைத் தூக்கு பெருசு, முடிச்சுட்டு வீட்டுக்குப் போலாம்," என்றான். ரோட்ரி தலையாட்டினான். முன்னாலேயே எறி என்று எனக்கும் சைகை காட்டினான். பந்து என் கையில் சோப்பு மாதிரி இருந்தது. எறிந்தேன்.

யெஸ்டின் குதித்தான். ரோட்ரி குனிந்து அவன் தொடையில் இரண்டு கையையும் வைத்ததைப் பார்த்தேன். வைத்தவன் எடுத்துவிட்டான். ஒரு அடி பின்னால் போனான். யெஸ்டின் தன் சொந்தக் குதியில் கொஞ்சம் எழும்பி, இரண்டு காலில் பத்திரமாகத் தரையில் நின்றான். பந்து அவன் தலைக்கு மேலே போய் எதிரணிக்காரன் மார்பில் விழுந்தது. அவர்கள் எங்களைத் தள்ளிக்கொண்டு அந்தக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தார்கள். தோற்றோம்.

யெஸ்டின் ரோட்ரியின் சட்டையைப் பிடித்தான். "ஏன்டா தூக்கலை? தூங்கிட்டியா?"

"தூக்கியிருப்பேன். மேலே வச்சிருக்கத்தான் முடிஞ்சிருக்காது."

அவ்வளவுதான் சொன்னான். நேரே ஷோனெட்டிடம் போய் வலது கையை நீட்டி, "இதை இப்ப அழுத்தச் சொல்லு. ஆகஸ்ட்டுல நான் அழுத்தினது பொய்," என்றான். அவள் முதலில் கழுத்துக்குப் பட்டை போட்டாள். செவ்வாய்க்கிழமை படம் எடுக்கும் அறையில் போனது. கழுத்தெலும்புகளுக்கு நடுவிலிருந்த சவ்வு பிதுங்கி நரம்பில் உட்கார்ந்திருந்ததாம். இன்னும் ஒரு முட்டு தப்பாகப் போயிருந்தால் கையோடு நின்றிருக்காது என்றார் மருத்துவர். ஆட்டம் அவ்வளவுதான் என்றும் சொன்னார்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு நான்தான் போயிருந்தேன். மெலேரி மருந்து வாங்கிக்கொண்டிருந்தாள். அவன் தன் வண்டியின் கதவைத் திறந்து, ஓட்டுகிற பக்கம் ஏறி உட்கார்ந்து, சாவியைப் போட்டுத் திருகினான். விரல் வழுக்கியது. இன்னொரு தரம் திருகினான். இடது கையால் திருகியிருக்கலாம், செய்யவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து மறுபக்கம் உட்கார்ந்தான்.

"நீ ஓட்டு," என்றான். "மெதுவா ஓட்டு. மாட்டைக் கறக்க இன்னும் நேரமிருக்கு."