வானம் தேடாத குருவிகள்

“…முட்டை வெக்கறதுக்குள்ள வெளிய ஓட்டிரணும் சார், சொல்லிட்டேன். அப்புறமா வந்து பாவம் கீவம்னு என்கிட்ட நிக்காதீங்க!”

ரத்னம்மக்கா சூப்பர்வைசரிடம் கத்திக்கொண்டிருந்தபோதுதான் நான் உள்ளே நுழைந்தேன். போன மாதம், ஓசூரில் புதிதாகக் கட்டிய ஒரு கோடவுனில் எனக்கு ஒயரிங் வேலை. கூரைச் சட்டத்தில் இரண்டு சிட்டுக்குருவிகள், அலகில் ஆளுக்கொரு வைக்கோலுடன்.

“குருவிதானக்கா, இருந்துட்டுப் போவுது” என்றார் சூப்பர்வைசர். அவர் மேல் தப்பில்லை. யாராயிருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். குந்தாரப்பள்ளியிலிருந்து வேலைக்கு வரும் இந்த அக்கா, ஒருகாலத்தில் ஆயுத பூஜைப் பொரியில் முதல் பிடியைக் குருவிகளுக்குப் போட்டவர் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

எனக்குத் தெரியும். கோடவுனில் புது மெஷின் ஒன்றை இறக்கியிருந்தார்கள். அதிலிருந்து, சூடேறும் இரும்பைக் குளிரவைக்க ஊற்றும் கூலன்ட் எண்ணெயின் வாடை வந்தது. அந்த வாடை மூக்கில் ஏறினால் போதும், சிங்காரப்பேட்டையிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து நான் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்த பழைய ஷெட்டுக்குள் போய் நின்றுவிடுவேன்.

அந்த ஷெட் கட்டும்போதே குருவிகள் உள்ளே குடி வந்துவிட்டன. பிறகு, தூசி வரக்கூடாது என்று ஜன்னல்களை அடைத்து, வாசலில் தடித்த பிளாஸ்டிக் பட்டைகளைத் தொங்கவிட்டார்கள். உள்ளே இருந்தது உள்ளேயே நின்றது. கேன்டீன் சோறு, ஒழுகும் குழாய்த் தண்ணீர், சாமான் அடுக்கும் இரும்பு ராக்குகளுக்கு அடியில் கூடு. குறை ஒன்றே ஒன்று: வானம் தெரிந்தது கூரை உச்சியிலிருந்த எக்ஸாஸ்ட் ஃபேன்களின் வழியாக மட்டும்தான். வெளிச்சத்தைப் பார்த்து மேலே ஏறிய குருவி அதில் அடிபட்டு விழும்.

அங்கே பெருக்கும் வேலை ரத்னம்மக்காவுக்கு. வாரம் தவறாமல் ஒரு காலையில் முறத்தில் இரண்டு மூன்று குருவிகளை அள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டுவார். “ஏம்ப்பா எலக்ட்ரீசன், உன் ஃபேனு தின்ன மிச்சம், பாரு!”

எனக்குச் சோறு இறங்காது. ஏணி போட்டு ஏறி, குருவிகளின் கண்ணில் படட்டும் என்று ஃபேன் றெக்கைகளில் சிவப்புப் பெயிண்டால் பட்டை அடித்தேன். இரண்டு மூன்று வருடத்தில் சாவு குறைந்து, அப்புறம் நின்றே போனது. நான் விடுவேனா? ‘குருவி காக்கும் பட்டை’ என்று பெயர் வைத்துக் கம்பெனிக்கு யோசனை சொல்லும் கைசன் பெட்டியில் எழுதிப் போட்டேன். மேடைக்குக் கூப்பிட்டுக் கைதட்டி, ஒரு டிபன் கேரியர் கொடுத்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு ஒரு வாரம் நடந்த நடை இருக்கிறதே, கல்யாண மாப்பிள்ளை தோற்றான்.

அக்கா அதில் ஒரே நிமிடத்தில் மண்ணைப் போட்டார். “அந்தக் கோடி ஃபேனுக்கு நீ பெயிண்ட் அடிக்கலியே? அங்கயும்தான் ஒண்ணும் சாவல. மேல போற சாதி எல்லாம் செத்துத் தீந்துச்சுப்பா. இப்ப இருக்கறதுங்க மேலயே போறதில்ல. ஆளு உசரத்தத் தாண்டி ஒண்ணு பறக்குதா, காட்டு பாப்பம்!”

அண்ணாந்து பார்த்தேன். அத்தனை பெரிய கூரையை ஒட்டி உயரத்தில் ஒரு குருவிகூட இல்லை. எல்லாம் மெஷின்களுக்கு இடையில், முழங்கால் உயரத்தில், சட்சட்டென்று திரும்பிப் பறந்துகொண்டிருந்தன. வானத்தைத் தேடியவை குஞ்சு பொரிக்கும் முன்பே விழுந்துவிட்டன. தேடாதவை பொரித்தன, அவற்றின் குஞ்சுகளும் தேடவில்லை. தாயைப் பார்த்துப் பழகியதும் கொஞ்சம் இருக்கும். இயற்கைத் தேர்வு என்று இதற்குப் பெயர் இருப்பதையும், நடுக்கடல் தீவுகளில் மாட்டிக்கொண்ட பறவைகள் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாக மாறுகின்றன என்பதையும் ரொம்பப் பின்னால் படித்தேன். கடல்கூட வேண்டாம், தகர ஷெட் போதும். குருவிக்கு வருடத்துக்கு ஒரு தலைமுறை. நான் அங்கே பன்னிரண்டு வருடம் இருந்தேன். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் கம்பெனி வேறு ஊருக்குப் போனது. ஷெட்டைப் பிரித்தார்கள். ஃபேன்களை நிறுத்தியது நான்தான். கூரைத் தகடுகள் இறங்கி, தலைக்கு மேல் முழு வானம் திறந்தது. “வாங்கடா, விடுதலை பாக்கலாம்!” என்று எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினேன்.

ஒன்றும் பறக்கவில்லை. மூன்று நாள் ராக்குகளுக்கு அடியிலேயே திரிந்தன. நான்காம் நாள் ராக்குகளையும் கழற்றியாக வேண்டும். இரும்புக்கு நடுவே நசுங்கிவிடுமே என்று பதறி, ஒரு மூங்கிலை எடுத்துப் பெரிய வாசல் பக்கம் விரட்டினேன்.

“இருப்பா, லாரி போவட்டும்!” என்று அக்கா கத்தியது காதில் விழுந்தது. கை நிற்கவில்லை.

கூட்டமாக வெளியேறின, அதே முழங்கால் உயரத்தில். வாசலுக்கு எதிரே ரோடு. கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. “மேல போங்க! அய்யோ தேவுடா, மேல, மேல!” என்று முறத்தை ஆட்டிக்கொண்டு அக்கா ரோட்டுக்கே ஓடினார். மேல் என்று ஒன்று இருப்பது அவற்றுக்குத் தெரியாது. உள்ளே எது உயிரைக் காத்ததோ, அதுவே இங்கே சக்கரத்துக்குக் கீழே கொண்டுபோய் விட்டது. லாரிகள் போய் முடிந்தபோது ரோட்டில் ஒன்றும் பறக்கவில்லை. என் கையில் மூங்கில் இருந்தது. அக்கா குனிந்து, ஒவ்வொன்றாக முறத்தில் எடுத்து வைத்தார். என்னிடம் நீட்டவில்லை.

அந்த இடத்தில் இப்போது லாரிகளை நிறுத்துகிறார்கள். ஆள் உயரத்துக்கு மேல் பறக்காத அந்தக் குருவிகள் போல ஓர் இனம் அதற்கு முன்பும் இல்லை, இனியும் வராது. டிபன் கேரியரும் எங்கேயோ போனது; நான் தேடவில்லை.

கோடவுனில் சூப்பர்வைசர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா வாசலுக்குப் போய் இரண்டு பக்கமும் ரோட்டைப் பார்த்தார். ஒரு லாரி போகும்வரை காத்திருந்தார். பிறகு ஒட்டடைக் கம்பை எடுத்து, சட்டத்தை மெல்லத் தட்டினார். வைக்கோலைப் போட்டுவிட்டு இரண்டு குருவிகளும் வாசலைத் தாண்டின. தாண்டியதும் நேராக மேலே ஏறின. அவை கண்ணுக்கு மறையும்வரை அண்ணாந்து பார்த்துவிட்டு, அக்கா ஷட்டரை இழுத்து மூடினார்.