குழாய்க்குள் போட்ட குங்குமம்

அம்மன் வாசலில் வெள்ளிக்கிழமைதோறும் என்னோடு நிற்கும் உங்கள் எல்லோருக்கும் சோரியாங்குப்பம் ஏழுமலை எழுதுகிறேன். அம்மன் எனக்குச் செய்ததை எழுதிக்கொடு என்று நீங்கள் கேட்டு நாலு வருடமாகிறது. நான் தள்ளிப்போட்டது சோம்பலால் இல்லை, வெட்கத்தால். அவள் செய்ததைச் சொன்னால் நான் செய்ததையும் சொல்லியாக வேண்டும்.

அப்போது நான் பொறியியல் கடைசி வருடம். கோதண்டம், முருகையன், நான் ஆகிய மூன்று பேரும் ஒரு குழு. வெப்பக் குழாய் ஒன்று செய்து காட்ட வேண்டும். மூன்றடி செப்புக் குழாய், அதன் உள்சுவரை ஒட்டி மெல்லிய கம்பி வலை, கொஞ்சம் தண்ணீர். காற்றை வெளியேற்றிவிட்டு இரண்டு முனையையும் அடைத்துவிட வேண்டும். ஒரு முனையைச் சூடாக்கினால் தண்ணீர் ஆவியாகி மறுமுனைக்கு ஓடும். அங்கே குளிர்ந்து, வலை வழியாகத் திரும்பி வரும். சரியாக அமைந்துவிட்டால் மறுமுனை சில விநாடிகளில் கையைச் சுடும்.

கோதண்டத்தின் அப்பா வில்லியனூரில் கேஸ் வெல்டிங் கடை வைத்திருந்தார். எங்கள் வேலை முழுக்க அங்கேதான் நடந்தது. பற்றவைப்பது கோதண்டம். அவன் கைநேர்த்தியைப் பார்த்து எங்கள் சார், ஒரு தொழிற்சாலைக்கு அவனைப் பற்றிக் கடிதம் எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்தக் கடிதம் இருந்தால் வேலை நிச்சயம்.

அடைக்கப்போகும் அன்று, புது வண்டிக்கு வைப்பதுபோல் குழாய்க்கும் பொட்டு வைக்கலாம் என்றான் முருகையன். நம் அம்மன் குங்குமம் என் பையில் இருந்தது. மூன்று இடத்தில் வைத்தோம். பிறகு அவர்கள் இருவரும் டீ குடிக்கப் போனார்கள். எனக்கு ஒரு யோசனை வந்தது. நெருப்புப் பட்டால் வெளியே வைத்த பொட்டு கருகிவிடும், உள்ளே இருந்தால் பத்திரம். தாராளமாக ஒரு சிட்டிகை அள்ளி உள்ளே போட்டேன். பொறியியல் கடைசி வருடம் படிக்கிறவன் புத்தி அது. அவர்கள் வந்ததும் சொல்லவில்லை. சிரிப்பார்களே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

குழாய் வேலை செய்யவில்லை. ஒரு முனை பழுக்கக் காய்ந்தது, மறுமுனை ஜில்லென்று கிடந்தது. காற்று புகுந்திருக்கிறது, பற்றவைத்த இடத்தில் ஓட்டை என்றார் சார். முருகையனும் அதையே சொன்னான். கோதண்டம் ஒவ்வொரு இணைப்பையும் லென்ஸ் வைத்துப் பார்த்தான். ஒரு கீறலும் இல்லை. அவன் பேச்சை யாரும் கேட்கவில்லை. கடிதம் எழுத முடியாது என்று சார் சொல்லிவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. குங்குமம் வலையை அடைத்துக்கொண்டது, தண்ணீர் திரும்ப வழியில்லை. புரிந்தும் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துக் கடைக்குப் போனபோது கோதண்டத்தின் அப்பா மட்டும் இருந்தார்.

"இருவது வருசமா பத்த வைக்கிறேன்பா. என் புள்ள கைவேல ஓட்டன்றாங்க. நீ பக்கத்துலயே இருந்தவன், நீ இன்னா சொல்ற?"

"தெரியலிங்க" என்றேன்.

அந்த ஒரு சொல்லை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

ஊரில் எனக்குப் பக்திமான் என்று பேர். அந்தப் பக்திமான் அம்மன் முன்னால் நின்று என்ன கேட்டான் தெரியுமா? அந்தக் குழாயை யாரும் அறுத்துப் பார்க்க விடாதே தாயே, பொங்கல் வைக்கிறேன் என்று கேட்டான். பதினாறு நாள் அதையேதான் கேட்டேன். பதினேழாம் நாள் சார் கடைக்கு வந்து, குழாயை நீளவாக்கில் அறுத்துப் பார்த்துவிடலாம் என்றார். எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது.

கோதண்டமே ரம்பம் பிடித்தான். குழாய் இரண்டாகப் பிளந்தது. வலையில் ஒரு சாண் நீளத்துக்குச் செங்கல் நிறத்தில் பசை.

முருகையன் குனிந்து பார்த்தான். செம்பு அரித்தால் இப்படித்தான் சிவக்கும், ஓட்டை வழியாகக் காற்று போய் அரித்திருக்கிறது என்றான். சார் தலையாட்டினார். நான் வேண்டியது அப்படியே கிடைத்துவிட்டது. நான் தப்பித்துவிட்டேன். யாரும் இனி என்னைக் கேட்கப் போவதில்லை.

கோதண்டம் அந்தப் பசையை விரலில் எடுத்தான். மூக்கருகே கொண்டுபோனான். என் நெற்றியைப் பார்த்தான். காலையில் கோயிலில் வைத்த குங்குமம் அங்கே இருந்தது. விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அந்த இடத்தில்தான் நான் முதல்முறையாக உண்மையாகக் கும்பிட்டேன். பொங்கல் இல்லை, பேரம் இல்லை. தாயே, என் வாயைத் திற என்று மனசுக்குள் கேட்டேன். அவ்வளவுதான். பதினாறு நாளாக வராத குரல் வந்தது.

"சார், அது துரு இல்ல. நான் போட்ட குங்குமம். கோதண்டம் மேல தப்பு இல்ல."

அழுகையும் சேர்ந்தே வந்தது. சார் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை. ஓரமாக உட்கார்ந்திருந்த கோதண்டத்தின் அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். கோதண்டம்தான் பேசினான்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா வேற குழா பண்ணிட்டிருப்பேன்டா. அதுக்கா இத்தினி நாளு?"

அடுத்த வாரம் புதுக் குழாய் செய்தான். வலையைக் கழுவும் வேலையை என்னிடமே கொடுத்தான். சூடேற்றியதும் "நீ புடி" என்று மறுமுனையைக் காட்டினான். பிடித்தேன். எண்ணி முடிப்பதற்குள் உள்ளங்கை சுட்டது. விடத் தோன்றவில்லை, அவன்தான் தட்டிவிட்டான். சார் கடிதம் எழுதினார். அவன் இப்போது அந்தத் தொழிற்சாலையில்தான் இருக்கிறான்.

அறுக்க விடாதே என்று வேண்டிய பொங்கலை, வாய் திறந்ததற்காக வைத்தேன். கோதண்டத்தின் அப்பாவையும் அழைத்தேன். அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை. அந்தப் பதினாறு நாளை அம்மன் எனக்குத் திருப்பித் தரவில்லை. ஆனால் அன்றிலிருந்து, தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடும் வாயைத் தந்திருக்கிறாள்.

உங்களில் யாராவது என்னைப்போல் எதையாவது உள்ளே போட்டு அடைத்து வைத்திருந்தால், வெளியே தெரியக்கூடாது என்று அவளிடம் வேண்டாதீர்கள். அதையும் அவள் கொடுத்துவிடுவாள். எனக்குக் கொடுத்தாள், நான் பயந்துபோனேன். சொல்ல வாய் கொடு என்று கேளுங்கள். எதிரில் நிற்பவன் விரலைத் துடைத்துக்கொள்வதற்குள் கேளுங்கள்.