வெட்டிப் போட்ட மடல் இலைகள்

தோஷியே குவபாராவுக்கு அறுபத்தெட்டு வயது. முப்பத்தொரு வருஷம் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவர். ஒருவருக்கு நகம் வெட்டுவதென்றாலும் "வெட்டலாமா?" என்று கேட்காமல் கை வைத்ததில்லை. அதனால்தான் அக்டோபர் மாதம் போன்சாய்க் குட்டைமரக் கண்காட்சியன்று காலை, ஊர்ப் பொதுமன்றத்துக்குள் நுழைந்ததும் அவருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அவருடைய சூமிச் செடியின் நீளக் கிளைகளைக் காணோம்.

சூமி, ஊரை ஒட்டிய மலைச்சரிவில் தானாக முளைக்கும் காட்டுக் குட்டி ஆப்பிள். பதினான்கு வருஷத்துக்கு முன் ஓடையோரம் பொறுக்கிய பழத்தின் விதைகளை ஒரு குளிர்காலம் முழுக்க ஈர மணலில் வைத்திருந்து விதைத்தார். பிழைத்தது ஒன்று. எட்டு வருஷம் பூக்கவே இல்லை. பூத்த பிறகும், பக்கத்தில் வேறொரு ஆப்பிள் ஜாதிச் செடியைக் கொண்டுவந்து வைத்தபின்தான் காய் பிடித்தது. இந்த வருஷம்தான் 'விதையிலிருந்து வளர்த்தவை' மேசைக்குப் பெயர் கொடுத்திருந்தார்.

செடியோ 'நாற்றுப் பண்ணையில் வாங்கியவை' மேசையில் இருந்தது. முன்னால் தூரிகையால் எழுதிய அட்டை: ஹிமேரிங்கோ. பண்ணைகளில் விற்கிற அலங்கார ஆப்பிளின் பெயர்.

"என் மரத்துல கத்திரி வெச்சது யாரு?"

போன்சாய்ச் சங்கத் தலைவர் மினெமுரா சிரித்துக்கொண்டே வந்தார். "நான்தான் குவபாரா-சான். நேத்து நீங்க வெச்சுட்டுப் போனதும் பாத்தேன், நாலு கிளை தலைவிரிகோலமா நின்னுச்சு. நாலு பேர் பாக்க வர்ற மரமாச்சேன்னு சீவிவிட்டேன்."

"மூணு மடலாப் பிரிஞ்ச இலை அந்த நாலு கிளையிலதான் இருந்துச்சு! நீளக் கிளையில மட்டும்தான் வரும். அதை வெச்சுத்தான் சூமின்னு சொல்ல முடியும். அடையாளத்தைக் குப்பையில போட்டுட்டு வேற பேரும் வெச்சுட்டீங்களா?"

"காட்டு விதையில இவ்வளவு லட்சணமா வருமா? வாங்கினதை மறந்திருப்பீங்க. வயசாகுதில்ல?"

"எனக்கு வயசுதான் ஆச்சு. உங்களுக்குக் கண்ணே போயிருச்சே! பழத்தைப் பாருங்க, பட்டாணி அளவு. ஹிமேரிங்கோன்னா இதைவிடப் பெருசா இருக்கும்."

"சின்னத் தொட்டி, சின்னப் பழம்."

"தொட்டி சின்னதானா இலைதான் சின்னதாகும், பழம் ஆகாது. தலைவருக்கு இதையும் நான்தான் சொல்லணுமா?"

தோஷியே தன் செடியிலிருந்து ஒரு பழத்தைப் பறித்து, மினெமுராவின் கையைப் பிடித்து அதே மேசையின் மறுகோடிக்கு இழுத்துப் போனார். அங்கே இருந்த நிஜ ஹிமேரிங்கோப் பழத்தின் அடியில் காய்ந்த புல்லி இதழ்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. தோஷியேயின் பழத்தடியில் அவை உதிர்ந்த வட்டத் தழும்பு மட்டுமே இருந்தது. மினெமுரா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் பார்த்தார்.

"சரி... சூமிதான். ஆனா அட்டை எல்லாம் எழுதியாச்சு, ஜனங்க வர்ற நேரம். அடுத்த வருஷம் மாத்திக்கலாம். இதைப் பெருசு பண்ணாதீங்க."

"தெரியாம வெட்டினீங்க, அது ஒண்ணு. தெரிஞ்சும் மாத்த மாட்டேங்கிறீங்களே!"

தோஷியே முழங்காலை மடக்கி, தொட்டியை மார்போடு அணைத்துத் தூக்கி, விதை மேசையின் நடுவில் கொண்டுபோய் வைத்தார். வரவேற்பு மேசையிலிருந்த தூரிகையை எடுத்து, ஹிமேரிங்கோ அட்டையின் பின்பக்கம் கோணல்மாணலாக எழுதினார்:

'சூமி. விதைத்து வளர்த்தவர்: தோஷியே குவபாரா. கேட்காமல் கிளை வெட்டியவர்: தலைவர் மினெமுரா.'

"ஐயையோ, அந்தக் கடைசி வரியை மட்டும் அடிச்சிருங்க!"

"அதுல எது பொய்யின்னு சொல்லுங்க, அடிச்சிடறேன்."

மினெமுரா வாயைத் திறந்தார். அதற்குள் வாசல் கதவைத் திறந்துவிட்டார்கள்.