பெரிய மாமா பிறக்காத அறை

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு சரி. எழுதிக்கொண்டே இருக்கும்போது அடுப்பு நினைவு வந்து எழுந்து போவேன், திரும்பி வந்தால் எதில் விட்டேன் என்பது மறந்திருக்கும். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் நடுவில் பேசக் கூச்சம். எழுதாமலும் இருக்க முடியவில்லை, இருந்தால் வீடு போய்விடும்.

வீடு என்றால் ராஜபாளையத்தில் நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீடு. என் மாமனாருடைய அண்ணன் வெள்ளைக்காரனை எதிர்த்து ஜெயிலுக்குப் போனவர். அவரைப் பெரிய மாமா என்று கூப்பிடுவேன். கல்யாணம் செய்துகொள்ளாமல் கடைசிவரை எங்களோடேயே இருந்தார். அவர் இருந்த காலத்தில் ஊரில் ஒருத்தரும் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது அவருக்கு ஒரு விழாக் குழு இருக்கிறது. குழுவில் ஆறு பேர். எல்லாருக்கும் ஒரே மாதிரி துண்டு.

குழுத் தலைவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக்காரன் என்று சொல்லும்போதெல்லாம் அவர் மீசை துடிக்கும். எதிர்த்துப் பேச எந்த வெள்ளைக்காரனும் வரமாட்டான் என்ற தைரியம்தான். போன மாதம் குழுவோடு வந்தவர், நான் படுத்து எழும் முன்னறையில் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்த ரூம்லதான் அவிய பொறந்தது. உடம்பு சிலிர்க்குதுப்பா" என்றார்.

"ஆமாங்கய்யா, இதே எடந்தான்" என்றான் என் மகன். அவனுக்கு அவன் பிறந்த ஆஸ்பத்திரியே தெரியாது.

வீட்டை நினைவில்லம் ஆக்கப் போகிறார்களாம். முன்னறையில் சிலை, கூடத்தில் போட்டோக்கள், அடுப்படியில் நூலகம். வாசலில் கல் வைத்து, கீழே இடம் கொடுத்தவர் என்று என் மகன் பெயரைப் பொறிப்பார்கள். அதைச் சொன்னபோது மகனுக்கும் உடம்பு சிலிர்த்தது.

"அப்ப நான் எங்கப்பா போவேன்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நம்ம வீட்டு மாடிக்கு வந்துரும்மா. தகரம் போட்டிருக்கு, காத்து அள்ளிக்கிட்டுப் போகும்."

மகன் தனியாகக் கட்டிக்கொண்டு போன வீட்டின் அந்தத் தகரத்தின் கீழே சித்திரை மாதம் அப்பளத்தை எண்ணெய் இல்லாமலே பொரித்துவிடலாம். என் மருமகளும் நானும் ஒருவர்மேல் ஒருவர் உயிராக இருக்கிறோம். இரண்டு தெரு இடைவெளி இருப்பதால் வந்த உயிர் அது.

பிறகு தலைவர் விழா மலரில் வரப்போகும் வரலாற்றை வாசித்தார். பெரிய மாமா மூன்று வயதிலேயே அன்னியர் கொடுமை கண்டு பொங்கி எழுந்தாராம். தாய்ப்பாலோடு விடுதலை உணர்வும் சேர்ந்து ஊட்டப்பட்டதாம். நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். பெரிய மாமா எனக்குச் சொன்ன கதையே வேறு.

அவர் நாலாம் வகுப்புவரை வளர்ந்தது மகாராஜபுரத்தில், அவருடைய அம்மாவின் ஊரில். தாய்மாமன் வெள்ளைக்காரனிடம் போலீஸ்காரர். அவர் தெருவில் நடந்தால் நாய்கூடக் குரைக்காதாம். ஒரு நாள் பக்கத்தில் இருக்கும் வத்திராயிருப்புக்குக் குதிரையில் ஒரு துரை வந்தபோது, அதே மாமன் குனிந்த குனியில் தலைப்பாகை மண்ணில் விழுந்துவிட்டது. பையன் சிரித்துவிட்டான். வீட்டுக்கு வந்ததும் பிரம்படி.

"எனக்கு மொதல்ல வந்தது கோவம் இல்லம்மா, சிரிப்பு. சிரிச்சதுக்கு அடி விழுந்த பொறவுதான் கோவம் வந்துச்சு" என்பார் பெரிய மாமா. மறுநாள் மாமன் காலில் சுற்றும் போலீஸ் பட்டையை எடுத்துக் கன்றுக்குட்டியைக் கட்டிவிட்டாராம். "அதுதான் என் மொதப் போராட்டம். கன்னுக்குட்டிக்குத்தான் விடுதல கெடைக்கல."

இதைத் திக்கித் திணறி அவர்களிடம் சொன்னேன். தலைவர் முகம் சுருங்கியது.

"போலீஸ் கத வேண்டாம்மா. விழாவுக்குப் பெரிய போலீஸ் அதிகாரிய அழைச்சிருக்கோம். அவிய சங்கடப்படுவாக."

அந்த நேரம் அவருடைய செல்போன் அடித்தது. மீசை துடிப்பெல்லாம் அடங்கி, "மாத்திர போட்டியாத்தா? மாடிப்படி ஏறாத" என்று குழைந்தார். பேசி முடித்ததும், "மக. வளைகாப்பு முடிச்சுக் கூட்டியாந்திருக்கோம்" என்றார்.

எனக்கு எங்கிருந்து வாய் வந்தது என்று தெரியவில்லை. "மாப்பிள்ள வீடு எங்கய்யா?" என்று கேட்டேன்.

"தளவாய்புரம்."

"அங்க வீடு வசதி பத்தாதோ?"

"மூணு மாடிம்மா. என்ன இப்படிக் கேக்கிய? தலைப்பிரசவத்தப் பெத்தவங்க வீட்டுலதானே பாப்பாங்க."

"பெரிய மாமாவும் தலைப்பிள்ளதான்யா. அவிய அம்மா இந்த வீட்டுக்கு மருமகளா வந்தவுக."

அந்த ஆறு பேருமே எங்கே பிறந்தோம் என்று மனசுக்குள் யோசித்தார்கள் போலிருக்கிறது. ஒவ்வொருவர் முகத்திலும் அவரவர் அம்மா ஊர் வந்து போனது.

"ஏம்மா, செத்த நேரம் சும்மா இரேன்" என்றான் மகன்.

"கல்லுல பொறந்த இடம்னு வெட்டியாச்சே" என்றார் செயலாளர். கல்லில் வெட்டிவிட்டதால் பெரிய மாமா இனிமேல்தான் இங்கே வந்து பிறக்க வேண்டும் என்பதுபோல என்னைப் பார்த்தார். காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

அடுத்த வாரமே மகாராஜபுரம் போயிருக்கிறார்கள். அங்கே ஒருவர் தேங்காய் அடுக்கி வைக்கும் கிட்டங்கியைக் காட்டி, இதுதான் அந்தப் போலீஸ்காரர் வீடு என்றாராம். கிட்டங்கிக்காரர் பூட்டைத் திறக்கவே இல்லை. அவருக்கு உடம்பு சிலிர்க்கவில்லை போலும். வத்திராயிருப்பில் இன்னொருவர், அந்தக் குடும்பமே எங்கள் தெருதான், மகாராஜபுரத்துக்குப் பிற்பாடுதான் குடிபோனார்கள் என்று சண்டைக்கு வந்தாராம். தலைவருக்குச் சலித்துவிட்டது. முந்தாநாள் என் மகனுக்குப் போன் செய்து, "ரெண்டு ஊரும் ஒத்து வரலன்னா, பொறந்த இடத்த வாழ்ந்த இடம்னு மாத்திட்டு உங்க வீட்டுலயே வச்சிருவோம்" என்றிருக்கிறார். வாழ்ந்த காலத்தில் வந்திருந்தால் பெரிய மாமாவே கதவைத் திறந்து உட்காரச் சொல்லியிருப்பார்.

மகன் மறுபடியும் தகரத்து மாடியைக் கூட்டி வைத்திருக்கிறான்.

எனக்கும் உறுதியாகத் தெரியாது. பெரிய மாமா மகாராஜபுரம் என்றுதான் சொன்னார், என் மாமியார் ஒருமுறை வத்திராயிருப்பு என்று சொன்ன ஞாபகம். அந்தப் பக்கத்தில் வயதானவர்கள் யாராவது இதைப் படித்தால், எந்த ஊர், எந்தத் தெரு, எந்த வீடு என்று விசாரித்துச் சரிபார்த்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் குழுவுக்கே நேரில் போய்ச் சொல்லுங்கள். என்னிடம் சொன்னால் மறந்துவிடுவேன். அடுத்த மாதம் வீட்டை அளவெடுக்க ஆள் வருகிறதாம், அதற்கு முன்னால் சொன்னால் உபகாரமாக இருக்கும்.