சீட்டு பிடித்தவள்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் அதிகம். அதனால் நான் கெட்டிருந்தால் பரவாயில்லை, கெட்டது அக்கா அல்லவா!

பி.காம் முடித்து இரண்டு வருடமாக அக்கா வேலை தேடிக்கொண்டிருந்தாள். பெங்களூரில் ஓர் அலுவலகத்திலிருந்து இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். "இதுவும் போனா தையல் கம்பெனிதான்" என்று அப்பா சொல்லிவிட்டார். எங்கள் ஊர் கேஜிஎஃப்பிலிருந்து தினமும் பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வரும் மாமாதான் எங்கள் வீட்டு ஆலோசகர்.

"கேஜிஎஃப்னு வாயத் தொறந்துடாத. ரயிலு லேட்டு, இவளும் லேட்டுன்னு தொரத்திடுவான். பெங்களூர்லயே ஒயிட்ஃபீல்டுல ரூம் எடுத்துக்கினு இருக்கேன்னு சொல்லு, இன்னா?" என்றார் அக்காவிடம்.

அப்போது நான் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தேன். எனக்கு யாரும் சொல்லவில்லை.

பள்ளி விடுமுறை என்பதால் அம்மா என்னையும் துணைக்கு அனுப்பினாள். எட்டு வயதுத் துணை! எங்கள் ஊர் மாரிகுப்பம் ஸ்டேஷனில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இரண்டு சீட்டு பிடித்தேன். அக்கா வழியெல்லாம் கண்ணை மூடி இங்கிலீஷில் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

அவள் உள்ளே போனதும் வரவேற்பில் இருந்த அம்மாள் எனக்கு ஒரு சாக்லேட் கொடுத்து, எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார். சும்மா இருப்பேனா?

"மாரிகுப்பத்துலேர்ந்து ஆன்ட்டி! நாலு மணிக்கே எய்ந்துட்டோம். அக்கா இட்லிகூடத் துன்னல. ரயில்ல சீட்டு புடிச்சதே நான்தான்!"

அவர் சிரித்தார். பிறகு ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஐந்து நிமிடத்தில் அக்கா வெளியே வந்தாள். பொய் சொல்லுகிறவர்கள் கணக்குப் பிரிவுக்கு வேண்டாம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்களாம். இது எனக்குத் தெரியவந்தது பல வருடம் கழித்து, மாமா வாயால். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அக்கா அடுத்த வாரமே பெங்களூரில் ஒரு தையல் கம்பெனியில் சேர்ந்தாள். இன்றைக்கும் அதே ரயிலில்தான் போய் வருகிறாள். என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அன்று திரும்பி வரும்போது மட்டும், "சாக்லேட் யாரு குத்தாங்க?" என்று கேட்டாள். "அந்த ஆன்ட்டி. நான் எல்லாத்தையும் சொன்னேன்க்கா" என்றேன் பெருமையாக. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியை உடைத்து நீட்டினேன்.

"நீயே துன்னு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்காவுக்குச் சாக்லேட் பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்து, அந்தப் பாதியையும் நானே தின்றேன்.