கோடு தொடாத குழாய்

"கடைநிலை உதவியாளர். கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்குவார். சொன்னதைச் செய்வார். பரிசோதனைகளில் தலையிட மாட்டார்." ரத்தப் பரிசோதனைக் கூடத்துப் பதிவேட்டில் அவளைப் பற்றி இருப்பது இவ்வளவே. கழுவுவதற்கு இப்போது குழாயே இல்லை, எல்லாம் ஒருமுறை பயன்படுத்தி எறிபவை. சொன்னதைச் செய்யும் பழக்கம் அவளுக்கு என்றுமே இருந்ததில்லை.

அன்று லாரி ஓட்டுநர் ஒருவர் மருத்துவர் அறையிலிருந்து சிரித்த முகமாக வந்தார். முப்பத்தாறு வயது, ஒல்லி உடம்பு, புகை கிடையாது; ஆனாலும் போன வருடம் மாரடைப்பு. இதயத்தின் ரத்தக் குழாயில் கொழுப்பு பெரிதாக இல்லை. அவருடைய ரத்தத்துக்குத்தான் வேண்டாத இடத்தில் உறையும் புத்தி. அதை அடக்க தினம் ஒரு மாத்திரை, அளவு பார்க்க மாதம் ஒரு பரிசோதனை.

"ரத்தம் ரொம்பவே நீர்த்துப்போச்சாம்மா! மாத்திரைக்கு நாலு நாள் லீவு" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

குப்பைக்குப் போகவிருந்த அவருடைய குழாயை அவள் எடுத்துப் பார்த்தாள். பாதிதான் இருந்தது. ரத்தம் உறையாமலிருக்க அதில் முன்பே ஒரு திரவம் அளந்து விட்டிருப்பார்கள். குழாயில் குறித்திருக்கும் கோடு வரை ரத்தம் ஏறாவிட்டால் திரவத்தின் கை ஓங்கும். நல்ல ரத்தமும் நீர்த்ததுபோல் பொய் சொல்லும். அந்தப் பொய்யை நம்பி மாத்திரையை நிறுத்தினால் இதயத்துக்குக் காவல் இல்லை.

"தம்பி, இது கோட்டத் தொடவே இல்லையே?"

"நரம்பு ஆட்டம் காட்டுச்சுக்கா. கெடச்ச வரைக்கும் எடுத்தேன்" என்றான் ரத்தம் எடுத்த பரிசோதகன்.

"கெடச்ச வரைக்கும் ஊத்த இது என்ன பெட்ரோலா?"

"உங்க வேலையப் பாருங்கக்கா."

"அதத்தான் பாக்குறேன்" என்றவள், குழாயும் கையுமாக ஓடி, வாசலில் ஓட்டுநரை மறித்தாள்.

"லீவு கேன்சல். வந்து உக்காருங்க."

"மறுபடியும் ஊசியா? வீட்ல கேட்டா ரெண்டு எடத்துல அடி வாங்கினேன்னுதான் சொல்லணும்!"

பரிசோதகன் முறைத்தான். பிறகு குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். புதிதாக ஒன்றை எடுத்தான். அடுத்த கையில் நரம்பு சமர்த்தாகக் கிடைத்தது. இந்த முறை ரத்தம் கோட்டைத் தொட்டது; பரிசோதனை முடிவும் இருக்க வேண்டிய அளவிலேயே வந்தது. மருத்துவர் தன் சீட்டை அடித்துவிட்டு, அதே மாத்திரையை அதே அளவில் எழுதினார்.

பாதி நிரம்பிய குழாயின் முடிவை அவள் நம்பவில்லை. போய்க்கொண்டிருந்தவரைத் திரும்பக் கூட்டிவந்து, கோடு வரை ரத்தம் எடுக்க வைத்தாள்.